டிஸ்னி வேர்ல்டில் சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டுவதா, தள்ளுபடி கார்டை நம்புவதா?

பண்டாரவளையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். டிசம்பர் லீவுக்கு டொரண்டோ அக்கா வீட்டோடு சேர்ந்து ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறீர்கள். ஐந்து இரவு டிஸ்னி ஹோட்டலிலேயே தங்கல். பிள்ளைகளுக்கு ஒன்பது வயதும் ஆறு வயதும். சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டும் டைனிங் பிளான் எடுப்பதா, இல்லை 20 சதவீதம் குறைக்கும் கார்ட் ஒன்று இருக்கிறதாமே, அதை எடுப்பதா என்பது உங்கள் கேள்வி.

நான் ஹட்டனில் கணக்குப் பாடம் எடுக்கும் டீச்சர். 2024 ஆகஸ்டில் என் அண்ணன் குடும்பத்தோடு நாங்களும் அங்கே போய் வந்தோம். நானும் கணவரும், அம்மா, பதினொரு வயது மகன், ஏழு வயது மகள், நான்கு இரவு. இதே கேள்விக்காக ஒரு சீ.ஆர். கொப்பியில் பாதியை எழுதித் தீர்த்தவள் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். நம் வீட்டு ஆட்கள் சாப்பிடும் அளவுக்கு முன்பணத் திட்டம் பெரும்பாலும் நட்டம்தான். கார்ட் நல்ல யோசனை, ஆனால் நீங்கள் கேள்விப்பட்ட கார்ட் இப்போது இல்லை.

கார்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதன் பெயர் டேபிள்ஸ் இன் வொண்டர்லேண்ட். வருட நுழைவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், ஃபுளோரிடாவாசிகள், டிஸ்னியின் தங்குமிடப் பங்குத் திட்டத்தில் உறுப்பினரானவர்கள் ஆகியோருக்கு மட்டும் விற்றார்கள். கட்டணம் கடைசியாக 150 டொலர், ஃபுளோரிடாவாசிகளுக்கு 175. ஒரு கார்டில் மேசைக்குப் பத்துப் பேர் வரை 20 சதவீதம் குறையும், மதுபானத்துக்கும் சேர்த்து. ஆனால் 18 சதவீத டிப்ஸ் பில்லில் தானாகவே ஏறிவிடும். 150 டொலர் கார்ட் தன் விலையை மீட்க 750 டொலருக்குச் சாப்பிட வேண்டும். வருடத்துக்குப் பத்துத் தடவை போகிறவர்களுக்கு அது பொன்னான கார்ட்தான். 2020இல் தொற்றுக்காலத்தில் பூங்கா மூடப்பட்ட பிறகு அது திரும்ப வரவில்லை. இன்றைக்கு மிச்சம் இருப்பது, வருட நுழைவுச்சீட்டுக்காரர்களுக்கும் டிஸ்னி விசா கார்ட்காரர்களுக்கும் சில உணவகங்களில் கிடைக்கும் 10 சதவீதம் மாதிரியான சலுகைகள். அந்த விசா கார்ட் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்குத்தான். உங்கள் கூட்டத்தில் யாரிடமாவது வருட நுழைவுச்சீட்டு இருந்தால், மேசையில் சேர்ந்து உட்காரும்போது பில்லை அவரையே கட்டச் சொல்லி, உங்கள் பங்கை அப்புறம் கொடுத்துவிடுங்கள். இதற்காகவே யாரும் புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.

இனி பிளான். 2005இல் தொடங்கி, 2020இல் நிறுத்தி, 2024 ஜனவரி 9 முதல் மறுபடியும் நடத்துகிறார்கள். இரண்டு வகை. குவிக் சர்விஸ் பிளானில் ஓர் இரவுத் தங்கலுக்கு ஆளுக்கு கவுண்டர் சாப்பாடு இரண்டு, சிற்றுண்டி ஒன்று. சாதாரண டைனிங் பிளானில் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது ஒன்று, கவுண்டர் சாப்பாடு ஒன்று, சிற்றுண்டி ஒன்று. இரண்டிலும் ஹோட்டலில் நிரப்பிக் குடிக்க ஒரு கோப்பை சேரும். 2024 விலையில் குவிக் சர்விஸ் பெரியவருக்கு 57.01 டொலர், பிள்ளைக்கு 23.83. மற்றது பெரியவருக்கு 94.28, பிள்ளைக்கு 29.69. வரி உள்ளே, டிப்ஸ் வெளியே. வருடத்துக்கு வருடம் விலை மாறும். எடுக்கும் அன்றைய விலையை வைத்து மறுபடி கணக்குப் போடுங்கள்.

"பிள்ளை" என்றால் மூன்று வயது முதல் ஒன்பது வரை. பத்து ஆகிவிட்டால் முழு ஆள். என் மகன் பதினொரு வயது, சாப்பாட்டில் கோழிக்குஞ்சு. அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் ஒரே விலை! இன்னொன்று, ஒரே பதிவில் தங்கும், மூன்று வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோரும் ஒரே பிளானை எடுக்க வேண்டும். பிள்ளைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு பெரியவர்கள் கைக்காசில் சாப்பிட முடியாது.

அண்ணன் எல்லோருக்கும் சேர்த்து எடுத்துவிடுவோம் என்றுதான் நின்றார். நான் உட்கார்ந்து எழுதினேன். எங்கள் ஐந்து பேருக்கு நான்கு இரவு, குவிக் சர்விஸ் என்றால் 1,007 டொலர் 48 சதம். மற்றது 1,627 டொலர் 24 சதம்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். அம்மா முப்பத்தெட்டு வருடம் கொழுந்தெடுத்தவர். "ஒரு நாளைக்கு எனக்கு எவ்வளவுடி?" என்றார். டொலருக்கு முந்நூறு ரூபாய் வைத்து, பெரிய பிளான் என்றால் இருபத்தெட்டாயிரம் என்றேன். அந்த வருடம் செப்டம்பரில்தான் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று ஆனது. அந்தக் கணக்கிலேயே அது இருபத்தொரு பேரின் ஒரு நாள் சம்பளம். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அரிசியும் மாவும் வாங்கிய கதையைச் சொன்னார். அந்தக் காலத்தில் தோட்டத்து ஸ்டோரில் அரிசியும் மாவும் கொடுத்துவிட்டு, சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். "மாவுல வண்டு கெடந்தாலும் சலிச்சிட்டு ரொட்டி சுட்டோம். காசு அதான் புடிச்சிட்டானே, விட மனசு வருமா? அங்கயும் நான் வயித்துக்கு மிஞ்சித்தான் திம்பேன், வேணாம்."

எனக்கு அந்தப் பேச்சு கொப்பிக் கணக்கை விடப் பெரிதாகப் பட்டது. முன்பணம் கட்டிவிட்டால் பசியைக் கேட்டுச் சாப்பிடமாட்டோம், மிச்சத்தைக் கேட்டுச் சாப்பிடுவோம். இன்னும் மூன்று சிற்றுண்டி பாக்கி, இன்னும் இரண்டு சாப்பாடு பாக்கி என்று போனைப் பார்த்துக்கொண்டே இருப்போம். பிளானில் நம் பெயரில் வரவு வைத்த சாப்பாடுகள் ஹோட்டலை விட்டுக் கிளம்பும் நாளின் நள்ளிரவோடு காலாவதி, காசாகத் திரும்பாது.

நம்மவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல், மரக்கறி. பிளானில் ஒரு சாப்பாடு என்பது ஒரு வரவு. ஸ்டேக் எடுத்தாலும் ஒன்று, மரக்கறித் தட்டு எடுத்தாலும் ஒன்று. விலை கூடியதைச் சாப்பிடுகிறவருக்குத்தான் லாபம். பெரியவர்களுக்கு ஒரு சாப்பாட்டோடு ஒரு பியரோ வைனோ எடுக்கலாம் என்பதும் பிளான் விலைக்குள்தான் இருக்கிறது. குடிக்காத வீட்டுக்கு அந்தப் பங்கு வீண். வெள்ளிக்கிழமை அம்மா மரக்கறி. அனிமல் கிங்டம் லொட்ஜ் என்ற டிஸ்னி ஹோட்டலில் சனா என்று ஓர் உணவகம், இந்திய ருசியும் ஆபிரிக்க ருசியும் கலந்த சமையல். அங்கே பெயர்போனது ரொட்டித் தட்டு. நாண் ரொட்டி முதலிய ரொட்டிகளை அடுக்கி, தொட்டுக்கொள்ளக் கிண்ணம் கிண்ணமாகச் சட்னியும் ஊறுகாயும் வைத்துத் தருவார்கள். அம்மா ஒவ்வொரு கிண்ணத்தையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்து, மாங்காய் ஒன்றைக் கண்டுபிடித்து, அந்தக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அந்த நான்கு நாளில் அவர் நிறைவாகச் சாப்பிட்டது அதுதான். ஆனால் அது முன்னுணவுக் கணக்கில் வரும். பிளானில் பிரதான உணவு, இனிப்பு, பானம் அடங்கும், முன்னுணவு அடங்காது. பிளான் எடுத்திருந்தாலும் அந்தத் தட்டுக்குக் கைக்காசுதான்.

நாங்கள் செய்தது இப்படி. டிஸ்னியின் தளத்திலும் செயலியிலும் எல்லா உணவகத்தின் உணவுப் பட்டியலும் விலையோடு இருக்கிறது. ஒவ்வொரு நாளும் எந்தப் பூங்கா, எங்கே சாப்பாடு என்று எழுதி, எங்கள் வீட்டு ஆள் உண்மையாக எதை எடுப்பார் என்று விலை போட்டேன். கவுண்டரில் ஒரு தட்டு பெரும்பாலும் 12 முதல் 18 டொலர். தட்டு பெரிது, அம்மாவும் மகளும் ஒன்றைப் பங்கு போட்டார்கள். கவுண்டரில் கேட்டால் ஐஸ் தண்ணீர் ஒரு கப் இலவசமாகவே தருவார்கள், வெயிலில் அது பெரிய உதவி. வெளிச் சாப்பாட்டையும் உள்ளே கொண்டுபோக விடுகிறார்கள், கண்ணாடிப் போத்தலும் மதுபானமும் கூடாது. அண்ணி டொரண்டோவிலிருந்து மாசி போடாத சீனிச் சம்பல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவந்திருந்தார். காலையில் பணிஸை வெட்டி அதை வைத்துச் சுற்றிக்கொண்டோம். பதினொரு மணிக்கு மர நிழலில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டதால் மதியக் கூட்டத்தில் நிற்க வேண்டியிருக்கவில்லை. மிக்கி வந்து கட்டிப்பிடிக்கும் காலைச் சாப்பாடு ஒரு தடவை, டிப்ஸோடு. எல்லாம் சேர்த்து நான்கு நாளுக்கு 690 டொலர் ஆனது. குவிக் சர்விஸ் பிளானை விட 317 டொலர் குறைவு. அந்தப் பிளானில் மிக்கி சாப்பாடும் இல்லை.

பிளான் யாருக்கும் உதவாது என்று சொல்லமாட்டேன். மிக்கி எலி, வின்னி த பூ கரடி மாதிரியான கார்ட்டூன் பாத்திரங்கள் மேசைக்கே வரும் சாப்பாட்டு இடங்களில் இராச்சாப்பாடு ஒரு பிள்ளைக்கு 40 டொலரைத் தாண்டும் இடங்கள் உண்டு. 2024 விலையில் டைனிங் பிளானில் அந்தப் பிள்ளையின் முழு நாளே 29.69 டொலர்தான். பத்து வயதுக்குக் கீழ் இரண்டு மூன்று பிள்ளைகள், தினமும் அப்படி ஒரு சாப்பாடு என்று முடிவு செய்த வீட்டுக்கு அது லாபமாகலாம். 2026இல் பெரியவர்கள் பிளான் எடுத்தால் மூன்று முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இலவசம் என்றும் அறிவித்தார்கள். அப்படிப்பட்ட சலுகை வரும்போது கொப்பியை மறுபடி திறக்க வேண்டும். ஒன்று கவனம்: சிக்னேச்சர் என்று போட்ட உயர்தர உணவகங்களில் ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு வரவு போகும். ஆறு பேரோ அதற்கு மேலோ ஒரே மேசை என்றால் 18 சதவீத டிப்ஸ் தானாக ஏறும். உங்கள் அக்கா வீடும் சேர்ந்தால் நீங்கள் ஆறு பேராவது ஆகிவிடுவீர்கள்.

இது அமெரிக்காவுக்கு மட்டுமான விஷயமும் இல்லை. ஒரு ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்கு மூன்று வேளைச் சாப்பாட்டோடு பணம் கட்டியிருந்தோம். காலையில் அம்பேவெல பண்ணைக்குப் போனோம். வரும் வழியெல்லாம் வாகன நெரிசல். கிரகரி ஏரிக்கரையில் பிள்ளைகள் அவித்த சோளம் கேட்டார்கள், உப்பும் மிளகாயும் தடவி ஆளுக்கொன்று. ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தபோது மூன்றேகால், பஃபே இரண்டரைக்கே மூடியாயிற்று. ஐந்து பேரின் மதியச் சாப்பாடு போனது. டிஸ்னி வரவு இந்த விதத்தில் மேல். வேளை தவறினாலும் தங்கல் முடியும்வரை உயிரோடு இருக்கும். அதற்குப் பிறகு இங்கே எங்கே தங்கினாலும் காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் கட்டுகிறோம்.

நம் ஊர் வங்கிக் கார்ட் தள்ளுபடியையும் இதே கண்ணால் பாருங்கள். விலைக்குப் பக்கத்தில் கூட்டல் குறி போட்ட பட்டியலில் 10,000 ரூபாய்க்குச் சாப்பிட்டு 20 சதவீதம் குறைந்தால் 8,000. அதில் 10 சதவீதச் சேவைக் கட்டணம் ஏறினால் 8,800. மேலே 18 சதவீத வற் வரி ஏறினால் 10,384. தள்ளுபடி பொய் இல்லை, அது இல்லாவிட்டால் 12,980 ஆகியிருக்கும். ஆனால் எட்டாயிரம்தான் என்று நினைத்து இன்னொரு இனிப்புக்குச் சொல்லிவிடுவோம் அல்லவா?

உங்கள் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது மூத்த பிள்ளையின் பிறந்த நாளை. பயண நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. 2024 விலையில் உங்கள் நால்வருக்கு குவிக் சர்விஸ் ஓர் இரவுக்கு 161 டொலர் 68 சதம். பிள்ளைக்கு அதற்குள் பத்து ஆகிவிட்டால் 194 டொலர் 86 சதம். ஐந்து இரவுக்கு 165 டொலர் 90 சதம் கூடும். பிறந்த நாள் டிசம்பருக்கு முன்னாலா பின்னாலா என்பதையும், வீட்டில் யார் யார் மரக்கறி என்பதையும் கீழே எழுதுங்கள். எங்கள் கொப்பியில் போட்ட மாதிரி உங்களுக்கும் நாள் நாளாகப் போட்டுத் தருகிறேன்.