குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமையில் பெண்களும் ஈடுபடுகிறார்களா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஈடுபடுகிறார்கள். குற்றவாளிகளில் பெரும்பாலோர் ஆண்கள் என்பது உண்மைதான். ஆனால் 'பெண்கள் செய்வது அபூர்வம்' என்று சொல்லி இந்தப் பேச்சை முடித்துவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஃபிராங்கா கோர்டோனியும் சக ஆய்வாளர்களும் 12 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காவல்துறைக்கு வந்த பாலியல் குற்றங்களில் பெண்கள் செய்தவை 2 சதவீதத்தைச் சற்றே தாண்டின. பாதிக்கப்பட்டவர்களையே கேட்ட கணக்கெடுப்புகளிலோ அந்த அளவு 12 சதவீதத்தை நெருங்கியது. எல்லா வயதினருக்கும் எதிரான குற்றங்கள் இதில் அடங்கும். பாதிக்கப்பட்ட ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், சுமார் 40 சதவீதம் பேர் ஒரு பெண்ணைக் குறிப்பிட்டிருந்தார்கள்.

இவ்வளவு பெரிய இடைவெளி ஏன்? கனடாவில் காவலர்களிடமும் மனநல மருத்துவர்களிடமும் பேசி ஆராய்ந்த மிரியம் டெனோவ், அவர்களிடையே ஒரு 'மறுப்புக் கலாசாரம்' நிலவுவதாக எழுதினார். பெண் செய்தால் அது தீங்கற்றது என்ற எண்ணம் விசாரிப்பவர்களிடமே ஊறிப்போயிருந்தது. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது போன்ற பராமரிப்பின் போர்வையில் நடக்கும்போது, அது தவறு என்பதே குழந்தைக்குப் பிடிபடுவதில்லை. பதின்வயதுச் சிறுவன் என்றால் 'கொடுத்துவைத்தவன்' என்று சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பெண்களால் பாதிக்கப்பட்ட 14 பேரிடம் டெனோவ் பேசியபோது அவர்கள் விவரித்தவை மனச்சோர்வு, போதைப் பழக்கம், தற்கொலை எண்ணம், யாரையும் நம்ப முடியாமை. ஏழு ஆண்கள், ஏழு பெண்கள். இரு தரப்பிலும் காயம் ஆழமாகவே இருந்தது.

இந்தப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். 1989-இல் வந்த, 16 பெண்களை மட்டுமே ஆராய்ந்த ஒரு சிறிய ஆய்வு மூன்று வகைகளைச் சொன்னது: ஆணின் வற்புறுத்தலில் இறங்கியவர்கள், பதின்வயதினருடன் தமக்கிருப்பது காதல் என்று நம்பியவர்கள், சிறுவயதில் தாமே கொடுமைக்கு ஆளாகிப் பின்னர் தனியாகச் செய்தவர்கள். பிறகு வந்த ஆய்வாளர்கள் வகைகளைக் கூட்டினார்கள், மாற்றினார்கள்.

மீண்டும் குற்றம் செய்வது பற்றி 2010-இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஏறத்தாழ 2,500 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளைக் கணக்கில் எடுத்தது. மறுபடி பாலியல் குற்றத்தில் பிடிபட்டவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு; ஆண்களிடையே காணப்படும் அளவைவிட இது மிகக் குறைவு. ஆகவே ஆண்களுக்கென உருவாக்கிய அபாய மதிப்பீட்டு முறைகளைப் பெண்கள் மீது அப்படியே பொருத்தினால் கணிப்பு தவறிவிடும்; அவர்களுக்கெனத் தனி மதிப்பீடும் சிகிச்சையும் வேண்டும் என்று இத்துறையினர் கேட்பது இதனால்தான்.