கொரோனா ஊரடங்கு உங்கள் தெருவின் அன்றாட வாழ்க்கையை எப்படி மாற்றியது? அதில் இன்னும் மிச்சம் இருப்பது என்ன?

மதுரை தெற்குவாசல் பக்கம் ஒரு சந்துக்குள் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. அதனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் சாட்சி ஒரு பற்று நோட்டுதான். மாதம் முழுக்கச் சாமான் எழுதி வாங்கிக்கொண்டு, சம்பளம் வந்ததும் மொத்தமாகக் கொடுப்பார்கள் இல்லையா, அந்த நோட்டு. 2020 மார்ச்சில் அதில் முப்பத்தொரு வீட்டுக் கணக்கு ஓடியது. ஜூலையில் எழுபதைத் தாண்டிவிட்டது.

மார்ச் 22 மக்கள் ஊரடங்கை எங்கள் சந்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் தட்டைத் தட்டி முடித்த கையோடு "நாளைக்குக் கடை உண்டுல்ல அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். 24ஆம் தேதி மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாடு முழுக்க 144 வந்தது. இரவு எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் 21 நாள் என்றார். எட்டரைக்கெல்லாம் பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே கைகள் நீண்டன.

அன்றைய பக்கம் இன்னும் இருக்கிறது. பேங்க்கில் வேலை பார்ப்பவர் வீட்டுக்கு அரிசி ஒரு சிப்பம், துவரம் பருப்பு ஐந்து கிலோ, எண்ணெய் பத்து லிட்டர். அதற்குக் கீழேயே கட்டட வேலைக்குப் போகும் அக்கா வீட்டுக்கு அரிசி இரண்டு கிலோ, பருப்பு கால் கிலோ, எண்ணெய் அரை லிட்டர் பாக்கெட். இரண்டு பேரும் ஒரே பேச்சைத்தான் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். அந்த அக்காவுக்கு 21 நாள் என்றால் எத்தனை நாள் என்று தெரியாமல் இல்லை. அன்றைக்குக் கிடைத்த கூலி அவ்வளவுதான்.

மறுவாரம் போலீஸ்காரர் வந்து கடை முன்னால் வட்டம் போடச் சொன்னார். சுண்ணாம்பில் எட்டு வட்டம் போட்டேன். காலை ஆறு மணிக்கு வட்டத்துக்குள் கட்டைப்பை, செருப்பு, ஒரு வட்டத்தில் செங்கல் என்று வரிசை ஒழுங்காக நிற்கும். அவற்றின் சொந்தக்காரர்கள் எதிர்வீட்டுத் திண்ணையில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, கொரோனா எப்படிப் பரவுகிறது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். முதலில் மதியம் இரண்டரை வரை நேரம் கொடுத்தார்கள். ஏப்ரல் 5 முதல் ஒரு மணியோடு மூடச் சொன்னார்கள். நாள் முழுக்கப் பிரிந்து வந்த கூட்டம் ஏழு மணி நேரத்தில் வந்து அடைந்ததுதான் கண்ட பலன்.

என்ன விற்றது என்றும் சொல்கிறேன். டீத்தூள். டீக்கடை மூடியதும் என் கடையில் டீத்தூளும் சர்க்கரையும் இரண்டு பங்கு போனது. "இவரு வெளியில இத்தனை டீ குடிச்சிருக்காருன்னு இப்பத்தானே தெரியுது" என்று ஒரு மதினி சொன்னார். முடிதிருத்தும் கடை இல்லாததால் பிளேடு போனது. தெருப் பையன்கள் தலையெல்லாம் மாடிப்படி. மிளகு, சுக்கு, விரலி மஞ்சள் ஓடியது. அதுவரை பெயர்கூடச் சரியாகத் தெரியாத கபசுரக் குடிநீர்ப் பொடியை நான் சரம் சரமாகத் தொங்கவிட்டேன். ரூபாய் நோட்டுக்குச் சானிடைசர் கட்டுப்படியாகாது என்று சோப்புத் தண்ணீரில் முக்கி, மொட்டை மாடியில் காயப்போட்டு, காற்றில் பறக்காமல் இருக்கப் படிக்கல்லை வைப்பேன். பத்து ரூபாய் நோட்டுகள் கூழாகிப்போன கணக்கு தனி.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஏப்ரல் இரண்டாவது வாரம் உளுந்தம் பருப்பைக் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட்டி விற்றேன். கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் எங்களுக்குப் பதினைந்து நாள் தவணை உண்டு. ஊரடங்கு வந்ததும் 'கையில காசு, வாயில தோசை' என்று ஆகிவிட்டது. லோடுமேன் கிடைக்கவில்லை, வண்டி வாடகையும் ஏறிவிட்டது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கட்டட வேலை அக்கா பொட்டலத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "கொரோனாவுக்கும் சேத்துப் போட்டுட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார். மறுநாள் பழைய விலைக்கே கொடுத்தேன். முந்தின நாள் வாங்கியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ரேஷனில் அந்த மாதம் ஆயிரம் ரூபாயும் விலையில்லாமல் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தார்கள். டோக்கன் வீடு தேடி வந்தது. இட்லி மாவுக்கு மட்டும் ரேஷன் அரிசி வாங்கிக்கொண்டிருந்த வீடுகள் சோற்றுக்கே அதை வடிக்க ஆரம்பித்ததை என் அரிசி விற்பனையில் பார்த்தேன். மே 7ஆம் தேதி டாஸ்மாக் திறந்தது, மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, 16ஆம் தேதி மறுபடி திறந்தது. ரேஷன் ஆயிரத்தில் எவ்வளவு அந்தப் பக்கம் போனது என்று என் நோட்டில் இல்லை. ஆனால் அந்த வாரம் ரொக்கம் குறைந்து பற்று ஏறியது இருக்கிறது.

ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரை மூன்று மாநகராட்சியிலும் மளிகைக் கடைகூடத் திறக்கக் கூடாது என்றார்கள். அதற்கு முந்தின நாள் கடையில் நின்ற கூட்டத்தைத் தீபாவளிக்கு முந்தின நாள்கூட நான் பார்த்ததில்லை. நோயைத் தடுக்க நாலு நாள் மூடுகிறோம் என்று சொல்லி, அதற்கு முதல் நாள் ஊரையே ஒரு இடத்தில் கூட்டுவது என்ன கணக்கோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மதுரைக்காரனாக ஒரு காலையை விட்டுவிட முடியாது. மே 4, மீனாட்சி திருக்கல்யாணம். சித்திரைத் திருவிழா ரத்து. கள்ளழகர் ஆற்றில் இறங்கவில்லை. கல்யாணத்தை மட்டும் கோவிலுக்குள் பக்தர்கள் இல்லாமல் நடத்தி நேரலையில் காட்டினார்கள். அன்றைக்குப் பெண்கள் தாலிக் கயிறு மாற்றுவது எங்கள் ஊர் வழக்கம். காலையில் வட்டத்துக்குள் நின்றவர்கள் எல்லோரும் பெண்கள், எல்லோருக்கும் வேண்டியது மஞ்சள் கயிறும் மஞ்சள் கிழங்கும். ஒன்பது மணிக்கு மேல் கடையில் ஈ, காக்கை இல்லை. சந்தின் இரண்டு பக்கமும் எல்லா வீட்டு ஜன்னலில் இருந்தும் ஒரே மேளச் சத்தம், வீட்டுக்கு வீடு ஒரு நொடி, இரண்டு நொடி முன்னே பின்னே. மேளம் வாசிப்பவர் ஒருத்தர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். பங்குனியிலிருந்து ஆடிக்கு முன்னால் வரை அவருக்குச் சீசன். அன்றைக்கு அவர் என் கடைப் படியில் உட்கார்ந்து, டிவியில் வந்த தவிலுக்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கணக்கில் அவர் பெயருக்கு நேரே அந்த வருஷம் வரவு என்று ஒரு வரிகூடக் கிடையாது.

இனி மாஸ்டர் வீட்டுக் கதை. எங்கள் சந்தில் ஒரு பரோட்டா மாஸ்டர் குடியிருந்தார். மதுரையில் பரோட்டா இராக்கடை வியாபாரம். பகலில் பார்சல் மட்டும் என்றால் அவருக்கு என்ன வேலை? தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் ஒரு மணிக்கெல்லாம் கதவைச் சாத்தியது. முதலாளி ஒரு மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தார், பிறகு போனை எடுக்கவில்லை. மாஸ்டர் பற்று ஏறிக்கொண்டே போனது. அவர் மகன் அப்போது பத்தாம் வகுப்பு. மார்ச் 27 தொடங்க வேண்டிய பரீட்சை ஜூன் 1க்குப் போய், ஜூன் 15க்குப் போய், ஜூன் 9ஆம் தேதி எல்லோரும் பாஸ் என்று அறிவித்தார்கள். அடுத்த வாரம் பையன் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, சாமான் கட்டத் தெரியும்" என்றான்.

நாளுக்கு நூற்றைம்பது ரூபாய் பேசினேன். பாதியைக் கையில் கொடுத்தேன், பாதியை அப்பா பற்றில் கழித்தேன். அப்போது அது உதவி என்றுதான் நினைத்தேன். இப்போது எழுதிப் பார்த்தால் நன்றாக இல்லை.

ஜூன் 24 முதல் மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு வந்தது. ஜூலையில் எங்கள் சந்தில் ஓய்வுபெற்ற டீச்சர் வீட்டில் ஒருவருக்குத் தொற்று. வாசலில் தகரம் அடித்தார்கள், பிளீச்சிங் பவுடரைக் கோலம் போல் கொட்டிவிட்டுப் போனார்கள். பால்காரர் தெருமுனையோடு திரும்பினார். நாற்பது வருஷமாக அந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவர். அவர் வீட்டைக் கடக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு ஓடியவர்களில் அவரிடம் படித்தவர்களும் இருந்தார்கள். நானும் படித்தவன்தான். போகவில்லை. மாஸ்டர் மகன்தான் தினமும் காலையில் சாமான் பையைத் தகரத்தின் மேல் மாட்டிவிட்டு, ரெண்டு தட்டு தட்டிவிட்டு வருவான். அவர் கைப்பட்ட காசை வாங்க எனக்குப் பயம். அதைச் சொல்லவும் கூச்சம். டீச்சரே புரிந்துகொண்டு போன் பண்ணி, "உன் நம்பருக்கே அனுப்பிடுறேன்ப்பா, பேரன் சொல்லிக் குடுத்தான்" என்றார். என் கடையில் போன் வழியாக வந்த முதல் பணம் அதுதான். கல்லா மேல் இன்றைக்கு ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டைக்கு அந்தத் தகரம் காரணம்.

2021 பிப்ரவரி 8ஆம் தேதி பிளஸ் ஒன் வகுப்பு திறந்தது. அதற்கு முந்தின வாரமே பையனிடம், "ஸ்கூல் திறக்குறாங்களாம்ல, போகலையா?" என்று கேட்டேன். "அப்பா கணக்கு முடிஞ்சிருச்சா அண்ணாச்சி?" என்றான். நோட்டைப் பார்த்து, டிசம்பரிலேயே முடிந்துவிட்டது என்றேன். "அப்ப இனிமே முழுச் சம்பளமா?" என்றான். அவன் போகவில்லை.

இரண்டாவது அலையைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனம் இல்லை. 2021 மே மாதம் யாரும் வட்டத்தை வைத்து ஜோக் அடிக்கவில்லை. தெருமுனைச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டினார்கள். நோட்டில் நான்கு கணக்கை ஒரே மாதத்தில் கோடு போட்டு முடித்தேன். அதில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வந்து பாக்கியைக் கொடுத்தார்கள். மற்ற இரண்டும் நான் கேட்கவில்லை. ரேஷன் கார்டுக்கு அரசு நாலாயிரம் ரூபாயை இரண்டு தவணையாகவும், ஜூனில் 14 வகை மளிகையும் கொடுத்தது. பையை வாங்கி வந்தவர்கள் என் கடை முன்னாலேயே பிரித்துப் பார்த்தார்கள், மளிகைக்காரனிடம் தரம் கேட்க வேண்டுமாம்.

மே 24 முதல் ஒரு வாரம் மளிகைக் கடை திறக்க விடவில்லை. 31 முதல் போனில் கேட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றார்கள். அப்பாவின் பழைய டிவிஎஸ் எக்ஸலை எடுத்தோம். சீட்டில் எழுதி வாட்ஸ்ஆப்பில் படம் பிடித்து அனுப்புவார்கள். 'ப.க. 200' என்று ஒருவர் எழுதியிருந்தார். பட்டாணிக் கடலையா, பச்சைக் கடலையா என்று நானும் மாஸ்டர் மகனும் பந்தயம் கட்டினோம். இரண்டும் இல்லை, பனங்கற்கண்டாம்.

அந்த வருஷ நவம்பரில் சின்னப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் திறந்தது. இல்லம் தேடிக் கல்வி என்று சாயங்காலம் பிள்ளையார் கோவில் திண்ணையில் ஒரு கல்லூரிப் பெண் பாடம் எடுத்தாள். மூன்றாவது படிக்கும் பிள்ளைகள் 'அ'வில் இருந்து தொடங்கின. பின் வரிசையில் டீச்சரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மிச்சம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். நோட்டில் இப்போது பதினெட்டு வீடுதான். போனில் பணம் அனுப்பப் பழகிய கை, போனிலேயே சாமான் வாங்கவும் பழகிவிட்டது. அவசரத்துக்குக் கொத்தமல்லி, பத்து ரூபாய் ஷாம்பு, அவ்வளவுக்குத்தான் பலர் வருகிறார்கள். மாத முடிவில் காசு தீர்ந்ததும் பழையபடி, "எழுதிக்கங்க அண்ணாச்சி" என்று வருபவர்களும் உண்டு. சாமான் கொண்டுவந்து தரும் செயலிகளில் இப்படி முகம் பார்த்து எழுதிக்கொள்ள ஆள் கிடையாது.

மாஸ்டர் மகன் 2023இல் என்னிடமிருந்து விலகி, அப்படி ஒரு கம்பெனியில் டெலிவரிக்குச் சேர்ந்தான். போன மாதம் மத்தியானம் கடை முன்னால் பைக்கை நிறுத்தினான். முதுகில் பெரிய பை. "அண்ணாச்சி, டீச்சர் வீடு பூட்டியிருக்கு. போன் போட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்களாம், கடையில குடுத்துட்டுப் போன்னாங்க. வாங்கி வச்சுக்குறீங்களா?"

வாங்கிப் பார்த்தேன். துவரம் பருப்பு ஒரு கிலோ, நல்லெண்ணெய், டீத்தூள். தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் கல்லாவிலிருந்த டப்பாவைத் தானே திறந்து ஒரு கடலை மிட்டாய் எடுத்துக்கொண்டு, "எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.