சைக்கிள் சாவியை ஒளித்து வைத்தேன்

வணக்கம். திருப்பாப்புலியூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 72 வயது. ஓல்டு டவுன் துறைமுகத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதியவர். அம்மா போய் மூன்று வருஷம். விடிந்தும் விடியாமலும் சைக்கிளில் துறைமுகத்துக்கு மீன் வாங்கக் கிளம்பிவிடுவார். வாங்கியதில் பாதி பக்கத்து வீட்டுக்குப் போகும். மீன்பிடித் தடைக்காலத்தில் பல நாள் வெறும் பையோடு வந்தார். போன மாதம் வழியில் விழுந்து முட்டியில் நாலு தையல். "மீன்தானே, நான் வாங்கித் தர்றேன்" என்றேன், கேட்கவில்லை. சத்தம் போட்டேன். கடைசியில் சாவியை ஒளித்தேன். பத்து நாளாக என்னோடு பேச்சில்லை, சாப்பாடும் பாதிதான். சைக்கிளை எப்படி விட வைப்பது?
— மகன், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

என் கண் அந்த வெறும் பையில்தான் நின்றது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது ஐஸ் கம்பெனிக் கணக்கருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் போயிருக்கிறார். மீனுக்காக இல்லை. எதற்காக என்று எனக்கும் தெரியாது. ஒரு டீக்கடை பெஞ்சாக இருக்கலாம், இன்னமும் 'கணக்கரே' என்று கூப்பிடும் ஒரு குரலாக இருக்கலாம்.

1960களில் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் பால் வாட்ஸ்லாவிக், ஜான் வீக்லேண்ட் முதலிய மனநலச் சிகிச்சையாளர்கள், வருகிறவர்களிடம் "இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்?" என்று துருவிக் கேட்பார்கள். பல வீடுகளில் அந்த முயற்சியேதான் சிக்கலை இறுக்கிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டில் அது சாவி. விழுந்தது ஒரு நாள். அரைப்பட்டினியும் மௌனமும் பத்து நாள்.

'எப்படி நிறுத்துவது' என்று கேட்டால் அவர் ஜெயிக்க வேண்டும், இல்லை நீங்கள். 'எப்படிப் பத்திரமாகப் போய்வருவது' என்று கேளுங்கள். டவுன் பஸ், நன்றாக விடிந்தபின் கிளம்புவது, வாரத்தில் இரண்டு நாள் உங்கள் வண்டியின் பின்சீட்டு என்று அவரே பேரம் பேச வருவார்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: ஏன் விழுந்தார்? பள்ளமா, தலைசுற்றலா? இந்த வயதில் எழுந்து நின்றதும் பிரஷர் இறங்கலாம், பிரஷர் மாத்திரையாலும் சுற்றலாம், கண்புரை இருக்கலாம். மஞ்சக்குப்பம் ஜி.எச்.சில் பார்த்துவிடுங்கள். அதுவரை சைக்கிள் வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லுங்கள். சாவி அவரிடமே இருக்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை "நானும் வர்றேன்ப்பா" என்று வண்டியில் கூட்டிப்போங்கள். சைக்கிள் பேச்சை எடுக்காதீர்கள். அங்கே யாரிடமாவது "என் பையன்" என்று காட்டுவார். அந்த ஆளுடைய போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.