‘உள்ளத்தை அள்ளித்தா’ இன்றும் சிரிக்க வைப்பது எப்படி?

கேள்வி இதுதான்: இந்தப் படத்தின் கதை ரொம்பச் சாதாரணம், ஆள்மாறாட்டம், கடத்தல், மணிவண்ணனின் இரட்டை வேடம், அவ்வளவே. பிறகு ஏன் சலிக்கவில்லை?

என் பதில்: கார்த்திக், கவுண்டமணி இருவரின் பேச்சு வேகம். கார்த்திக் சொற்களை மென்று, பாதியை விழுங்கி, இழுத்துப் பேசுபவர். கவுண்டமணியோ ஒவ்வொரு எழுத்தையும் ஆணி அடிப்பதுபோல் அடிப்பார். ஒருவர் குழைய, மற்றவர் வெட்ட, மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறி வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. செந்திலோடு வரும்போது கவுண்டமணிதான் எப்போதும் மேல் கை. அடி வாங்குவது செந்தில். 1996இல் சுந்தர்.சி எடுத்த இந்தப் படத்தில் அப்படியில்லை. கதாநாயகனும் அவரும் ஏறக்குறைய சம எடை. யார் யாரை ஏய்ப்பார்கள் என்று கடைசிவரை தெரியாது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வழக்கமாகச் சாப்பிடும் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) ஒருநாள் இந்தப் படம் ஓடியது, சத்தமே இல்லாமல். தே தாரிக் என்னும் பால் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்த அண்ணன் கையைப் பாதியில் நிறுத்திவிட்டு டிவியைப் பார்த்துச் சிரித்தார். வசனம் காதில் விழவில்லை. கார்த்திக் பேசப் பேச, பக்கத்தில் நின்ற கவுண்டமணியின் முகம் சுருங்கியது, அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. அடுத்த முறை பார்க்கும்போது பேசுபவரை விட்டுவிட்டு, கேட்பவரை மட்டும் கவனியுங்கள்.

(பாட்டு வரும்போது எழுந்து இன்னொரு ரொட்டி சானாய் சொல்லலாம்.)