குதிரை ஈ: லாயத்தைச் சுத்தம் செய்தும் ஏன் குறையவில்லை?

கேள்வி: சிறுமலையில் வாழைத்தாரும் எலுமிச்சையும் சுமக்க இரண்டு பொதி குதிரைகள் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்தால் போதும், பெரிய ஈக்கள் வந்து கடிக்கின்றன; கடித்த இடத்தில் ரத்தம் வழிகிறது. தினமும் லத்தியை அள்ளுகிறேன், புகையும் போடுகிறேன். குறையவில்லையே, என்ன செய்வது?

பதில்: ரத்தம் வழிகிறது என்று நீங்கள் எழுதியதை வைத்தே சொல்லலாம், இது குதிரை ஈ. லத்தியிலும் மட்கிய வைக்கோலிலும் வளர்வது வேறு ஈ. அது வீட்டு ஈ அளவுதான் இருக்கும், பெரும்பாலும் காலைக் கடிக்கும். குதிரை ஈயின் புழு ஓடைக்கரைச் சேற்றிலும் சதுப்பிலும் மற்ற புழுக்களைத் தின்று மாதக்கணக்கில் வளர்கிறது. மண் ஊறிக்கிடக்கும் பருவத்தில் ஈயாகி வெளியே வருகிறது. அதனால்தான் நீங்கள் எவ்வளவு அள்ளினாலும் இது குறையவில்லை. அள்ளுவதை விட்டுவிடாதீர்கள், மற்ற ஈக்களுக்கு அது அவசியம். ஆனால் காட்டு ஓடையில் பூச்சிமருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். மீனும் தவளையும் சாகும்.

ஈயை ஒழிப்பதைவிட அது பறக்கும் நேரத்தில் குதிரையை மறைப்பதுதான் பலன் தரும். இது பகல் பூச்சி. வெயில் ஏறியபின் முற்பகலிலிருந்து பிற்பகல் வரை கடி அதிகம். குளிரிலும் காற்றிலும் மழையிலும் அடங்கிவிடும். இருட்டான கொட்டகைக்குள் நுழைய அவ்வளவாக விரும்பாது. எனவே சுமையை விடியற்காலையில் இறக்கிவிடுங்கள், உச்சிப்பொழுதில் கொட்டகையில் கட்டுங்கள், மேய்ச்சலை மாலைக்கு வையுங்கள். ஓடை ஓரத்தில் மட்டும் கட்டாதீர்கள்.

கறுத்து மினுங்கும் உடல் இந்த ஈயைச் சுண்டி இழுக்கும். கருங்குதிரைக்குக் கடி கூடுதல், வெள்ளைக்குக் குறைவு. ஜப்பானில் கறுப்பு மாடுகளுக்கு வரிக்குதிரை போல வெள்ளைக் கோடு போட்டுப் பார்த்தார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வில் உடலில் உட்கார்ந்த கடி ஈக்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. உங்களுக்குப் பழைய வெள்ளை வேட்டியே போதும், சுமை இல்லாத நேரத்தில் முதுகிலும் வயிற்றிலும் போர்த்திக் கட்டுங்கள். வேப்பெண்ணெய் சில மணி நேரம்தான் தாங்கும். குதிரைக்கென்று விற்கும் பெர்மெத்ரின் மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் அடிக்கலாம். மாட்டு உண்ணிக்கு வாங்கி வைத்திருக்கும் அமிட்ராஸைக் குதிரைமேல் அடிக்கவே கூடாது. குடல் அசைவு நின்று கடும் வயிற்றுவலி வரும்.

இவ்வளவு சொல்லக் காரணம் சர்ரா நோய். கடிப்பது பெண் ஈ மட்டுமே, முட்டை வளர அதற்கு ரத்தம் வேண்டும். தோலைக் கத்தி போல அறுத்து, ஊறும் ரத்தத்தை நக்குகிறது. வலி தாங்காமல் குதிரை உதறும்போது பாதி வயிற்றோடு பக்கத்துக் குதிரைக்குத் தாவிவிடும். வாயில் ஒட்டிய ரத்தத்தோடு, சர்ராவை உண்டாக்கும் டிரிப்பனோசோமா என்ற ஒட்டுண்ணியும் போய்ச் சேரும். 1880-இல் அன்றைய பஞ்சாபில் நோயுற்ற குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் இதை கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் கண்டுபிடித்தார். இடையில் உள்ள தூரம் கூடக் கூட ஈ தாவுவது குறையும். 50 மீட்டர் தாண்டினால் பெரும்பாலும் பழைய குதிரைக்கே திரும்பும். சந்தேகமுள்ள குதிரையை அந்த அளவாவது தள்ளிக் கட்டுங்கள்.

விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வெளுத்த ஈறு, வயிற்றடியிலும் காலிலும் வீக்கம், தீனி தின்றும் மெலிவு, பின்னங்கால் தள்ளாட்டம். இதில் எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். சிகிச்சை இல்லாவிட்டால் குதிரை பிழைப்பது அரிது. காய்ச்சல் இருக்கும்போதே கால்நடை மருத்துவரை வரவழைத்து ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் ஒட்டுண்ணி நுண்ணோக்கியில் எளிதாகத் தெரியும். அப்புறம், ஒரே ஊசியை இரண்டு குதிரைக்கும் போட விடாதீர்கள்; ஈ செய்யும் வேலையை ஊசியும் செய்யும்.