பாதி டிகிரி, முழுக் கடன்

கேள்வி: என் மகனுக்குத் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. நான்கு வருடப் படிப்பு; முழுக்க லோன் வாங்கித்தான் கட்ட வேண்டும். அவனோ, "பில் கேட்ஸே காலேஜை முடிக்கலை, அந்தப் பணத்தை என்கிட்ட கொடுங்க, பிசினஸ் பண்றேன்" என்கிறான். இவ்வளவு கடன் வாங்கிப் படிக்கிற அளவுக்கு டிகிரிக்கு மதிப்பு இருக்கிறதா?

பதில்: பில் கேட்ஸை முதலில் அனுப்பி வைத்துவிடுவோம். 1975-ல் அவர் படிப்பை விட்டது உண்மைதான். விட்ட இடம் ஹார்வர்டு. விடும்போது எழுதி முடித்த மென்பொருள் ஒன்று கையில் இருந்தது, அதை வாங்க ஒரு கம்பெனியும் இருந்தது. அப்பா வக்கீல். உங்கள் மகனிடம், "வாங்குறதுக்கு ஆள் இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். ஆளைக் காட்டினால் தாராளமாக விடுங்கள். "இனிமேதான் யோசிக்கணும்" என்றால், ஹார்வர்டு கதையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இனி கடன். 100 வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடத் தொடக்கத்தில் 25 வீதம் வங்கி நான்கு முறை கட்டுகிறது. வட்டி 10 சதவீதம். படிக்கும் வரையிலும், அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்கிறார்கள். தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு இல்லை. தனிவட்டி போட்டாலே ஐந்தாம் வருடக் கடைசியில் கடன் 135 ஆகி நிற்கும். அதை அதே வட்டியில் பத்து வருட இஎம்ஐ ஆக்கினால், கட்டி முடிக்கும்போது சுமார் 214 போயிருக்கும். நான்கு வருடம் வேலைக்குப் போகாததால் வராமல் போன சம்பளம் தனி. அதற்கு யாரும் ரசீது தருவதில்லை.

அப்படியும் டிகிரிக்கு மதிப்பு உண்டா? பெரும்பாலான நாடுகளில் சராசரியாகப் பட்டதாரிக்கு வருமானம் கூடுதல்தான். ஆனால் எதனால்? படிப்பு கொடுத்த திறமையால் மட்டும் இல்லை, "இவன் எடுத்ததை முடிப்பவன்" என்று முதலாளிக்குச் சொல்லும் அடையாளச் சீட்டாகவும் டிகிரி வேலை செய்கிறது என்று 1973-ல் எழுதினார் பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ். 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவர் ஒருவர். சீட்டு என்றால் முழுசாக இருந்தால்தானே செல்லும்? முக்கால் படிப்புக்கு முக்கால் சம்பளம் யாரும் தர மாட்டார்கள். வங்கி மட்டும் முழு வட்டி கேட்கும். அமெரிக்காவில் கடனைக் கட்ட முடியாமல் விழுபவர்களில் பலர், பெரிய தொகை வாங்கி டாக்டர் ஆனவர்கள் இல்லை. கொஞ்சமாக வாங்கி, பாதியில் நின்றவர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கல்லூரி தனியார், வருடம் நான்கு, கடன் முழுசு, எல்லாம் இருக்கிறது. என்ன படிப்பு என்பது மட்டும் இல்லை! அவன் கேட்ட படிப்பா, அல்லது "இடம் கிடைத்ததே" என்று நீங்கள் பிடித்துக்கொண்ட படிப்பா? அவன் பிசினஸ் என்று கிளம்புவது அதிலிருந்து தப்பிக்கத்தானோ என்று எனக்குச் சந்தேகம். பிடிக்காத படிப்பில் தள்ளிவிட்டால் அரியர் சேரும், அப்புறம் பாதியில் நிற்பான். அதுவரை வாங்கிய கடன் அப்போதும் வட்டியோடு வந்து நிற்கும்.

கல்லூரி வாசலில் தொங்கும் பேனரில் அதிகபட்ச சம்பளத்தைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது ஒரே ஒரு மாணவனின் சம்பளம். போன வருடம் அதே பிரிவில் முடித்த நாலைந்து பேரைத் தேடிப் பிடியுங்கள். வகுப்பில் நடுவில் இருந்தவன் இப்போது என்ன வாங்குகிறான், எத்தனை மாதம் சும்மா இருந்தான் என்று கேளுங்கள். அந்தச் சம்பளத்தில் இஎம்ஐ போக மீதி எவ்வளவு என்று மகனையே உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். நீங்கள் போட்டுக் காட்டினால் அது அறிவுரை ஆகிவிடும், அவன் காதில் ஏறாது.

ஆஸ்திரேலியாவில் 1989 முதல் ஒரு முறை இருக்கிறது. வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் கல்விக் கடன் வரியோடு சேர்த்துப் பிடிக்கப்படும். வேலை கிடைக்காவிட்டால் காத்திருப்பது அரசாங்கம். சாதாரண வங்கிக் கடனில் அந்த இடத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் நிற்பார். உங்கள் விஷயத்தில் அது நீங்களாகத்தான் இருக்கும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு கடிதம் எழுதுங்கள். என்ன படிப்பு என்பதையும் சேர்த்து.