பைத்தான்ல டெஸ்க்டாப் ஆப் எழுதும்போது த்ரெட்டிங், அசிங்க்ஐஓ, மல்டிபிராசசிங் இதுல எதை எடுக்கறது?

நீங்க கேட்டிருக்கறது இதுதான்: பைசைட்6-ல (விண்டோ, பட்டன் எல்லாம் வரையற க்யூடி லைப்ரரியைப் பைத்தான்ல யூஸ் பண்ற வழி) ஒரு போட்டோ ஆர்கனைசர் எழுதுறீங்க, ஃபோல்டரை செலக்ட் பண்ணினா உள்ள இருக்கற ஆயிரக்கணக்கான படத்தையும் படிச்சு தம்ப்நெயில் போடணும், ஒரே படம் ரெண்டு இடத்துல இருக்கான்னும் பாக்கணும், ஆனா பட்டனை அமுக்கினதும் விண்டோ அப்படியே உறைஞ்சு போய் தலைப்புல நாட் ரெஸ்பாண்டிங்னு வந்துடுது, எந்த லைப்ரரி எடுக்கலாம்னு குழப்பம். ஸ்கேன் பண்ணின டாகுமெண்ட்களைப் பிரிச்சு அடுக்கற ஒரு டூலை நான் ரொம்ப நாளா பாத்துக்கிட்டு வர்றேன், கிட்டத்தட்ட இதே வேலைதான்.

உங்க கேஸுக்கு பைத்தானோட கன்கரன்ட் ஃப்யூச்சர்ஸ் மாட்யூல்ல இருக்கற த்ரெட்பூல் எக்ஸிக்யூட்டர் (வேலையை சில த்ரெட்களுக்கு, அதாவது ஒரே ஆப்புக்குள்ள தனித்தனியா ஓடற வரிசைகளுக்கு, பிரிச்சுக் குடுக்கறது), அதோட க்யூடி சிக்னல் (ஒரு ஆப்ஜெக்ட் இன்னொண்ணுக்கு அனுப்பற தகவல்). இது ரெண்டும் போதும். அசிங்க்ஐஓ (ஒரே த்ரெட்ல, ஒண்ணு காத்திருக்கும்போது இன்னொண்ணைப் பாத்துக்கற முறை) இங்க தேவையே இல்ல.

முதல்ல விண்டோ ஏன் உறையுதுன்னு பாத்துடுவோம். க்யூடி ஆகட்டும், பைத்தானோடவே வர்ற டிகின்டர் ஆகட்டும், மெயின் த்ரெட்ல ஒரு ஈவென்ட் லூப் ஓடிக்கிட்டே இருக்கும், மவுஸ் கிளிக், கீபோர்டு, திரையைத் திரும்ப வரையறது எல்லாமே அது வழியாத்தான் போகுது. உங்க பட்டன் ஃபங்ஷன் முடியற வரைக்கும் அந்த லூப் அடுத்த ஈவென்டை எடுக்கவே முடியாது. சுமார் 5 செகண்ட் விண்டோ எதுக்குமே பதில் சொல்லலைன்னா விண்டோஸ் அதைத் தொங்கிப் போச்சுன்னு முடிவு பண்ணிடும். இதுக்கு நிறைய பேர் உங்க ஃபங்ஷனுக்கு நடுவுல பிராசஸ்ஈவென்ட்ஸ் (காத்திருக்கற ஈவென்டை எல்லாம் அப்பவே ஓட்டற க்யூடி ஃபங்ஷன்) கூப்பிடச் சொல்வாங்க, தயவுசெஞ்சு அது பக்கம் போகாதீங்க. அந்த நேரத்துல யூசர் அதே பட்டனை மறுபடி அமுக்கினா ஓடிக்கிட்டு இருக்கற ஃபங்ஷனுக்குள்ளயே அதே ஃபங்ஷன் இன்னொரு தடவை ஆரம்பிக்கும், அப்புறம் எது எங்க நிக்குதுன்னு கண்டுபிடிக்கறது பெரிய பாடு.

எந்த லைப்ரரி எடுத்தாலும் ஒண்ணு மட்டும் மாறாது, விட்ஜெட்டை (லேபிள், பட்டன் மாதிரி திரையில தெரியறதை) மெயின் த்ரெட் மட்டும்தான் தொடணும். லேபிள்ல டெக்ஸ்ட் மாத்தறது, பிராக்ரஸ் பாரை நகத்தறது எதுவா இருந்தாலும் சரி. வொர்க்கர்ல (பின்னாடி வேலை செய்யற த்ரெட்) இருந்து நேரா தொட்டா சில சமயம் ஓடும், சில சமயம் எந்த எரரும் காட்டாம ஆப் மூடிக்கும், உங்க மெஷின்ல நல்லா ஓடறது வேற ஒருத்தர் மெஷின்ல விழும். உங்க வேலைக்கு முக்கியமான இன்னொண்ணு, வொர்க்கர்ல க்யூஇமேஜ் மட்டும் யூஸ் பண்ணுங்க, க்யூபிக்ஸ்மேப் திரையோட சம்பந்தப்பட்டது, அதை மெயின் த்ரெட்டுக்கு வந்தப்புறம் மாத்திக்கலாம்.

எல்லாரும் சறுக்கற இடம் ஒண்ணு இருக்கு. எக்ஸிக்யூட்டர்கிட்ட வேலையைக் குடுத்தா ஒரு ஃப்யூச்சர் (பின்னாடி ரிசல்ட் வந்து சேர்ற ஆப்ஜெக்ட்) வருது, அதுக்கு டன் கால்பேக் மாட்டலாம், வேலை முடிஞ்சதும் அதைக் கூப்பிடும்னு டாகுமெண்டேஷன்ல பாத்துட்டு அதுக்குள்ளயே லேபிளை மாத்தற கோடை எழுதிடுவாங்க. அந்தக் கால்பேக் பொதுவா ஓடறதே வொர்க்கர் த்ரெட்லதான்! அதனால அதுக்குள்ள ஒரு சிக்னலை எமிட் மட்டும் பண்ணுங்க. எமிட் பண்ற த்ரெட்டும் வாங்கற ஆப்ஜெக்ட் இருக்கற த்ரெட்டும் வேற வேறன்னா க்யூடி அதைத் தானாவே வரிசையில போட்டு மெயின் லூப் வந்து எடுக்கற மாதிரி பண்ணிடும். வாங்கறது லாம்டாவா இல்லாம விண்டோ கிளாஸோட மெத்தடாவே இருக்கட்டும், எந்த த்ரெட்டுக்குப் போகணும்னு க்யூடிக்கு அப்பதான் சந்தேகமே வராது. டிகின்டர்ல சிக்னல் கிடையாது, அங்க வொர்க்கர் ஒரு க்யூல போடும், மெயின் பக்கம் ஆஃப்டர் வச்சு 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை எடுத்துப் பாக்கணும். டபிள்யூஎக்ஸ்பைத்தான்ல கால்ஆஃப்டர் இருக்கு, ஜிடிகேல ஐடில் ஆட் இருக்கு.

ஜில் (GIL, பைத்தானுக்குள்ள இருக்கற ஒரு பூட்டு) இருக்கே, த்ரெட் வச்சு என்ன பிரயோஜனம்னு கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்வி. ஒரு நேரத்துல ஒரு த்ரெட்தான் பைத்தான் பைட்கோடை ஓட்ட முடியும்ங்கறது உண்மை. ஆனா டிஸ்க்ல இருந்து படிக்கக் காத்திருக்கும்போது ஜில்லை விட்டுடும், பில்லோங்கற பட லைப்ரரி படத்தை டீகோட் பண்றதும் சைஸ் மாத்தறதும் சி கோடுல நடக்குது, அப்பவும் விட்டுடும், ஒரே படமான்னு பாக்க ஹேஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண்) போடற ஹேஷ்லிப் கூட பெரிய டேட்டாவைக் குடுத்தா விட்டுடும். உங்க ஆப்ல நேரம் முக்கால்வாசி போறது இந்த மூணுலதான், அதனால த்ரெட்டே நிஜமான வேகம் தரும். எத்தனை த்ரெட்னு சொல்லாம விட்டா கோர் எண்ணிக்கையோட 4 கூட்டி, அதிகபட்சம் 32 வரைக்கும் எடுத்துக்கும், எஸ்எஸ்டில அது ஓகே, பழைய சுத்தற ஹார்ட் டிஸ்க்னா ரெண்டு மூணு போதும், நிறைய வச்சா ஹெட் அங்கயும் இங்கயும் ஓடியே நேரம் போயிடும்.

சுத்த பைத்தான் லூப்புல கணக்கு போடறீங்கன்னா கதை வேற. அந்த த்ரெட் ஜில்லைப் பிடிச்சு வச்சிருக்கும், மாத்தற இடைவெளி டிஃபால்டா 5 மில்லிசெகண்ட், மெயின் த்ரெட்டும் தன்னோட ஸ்லாட்டை ஓட்ட அதே ஜில்லுக்குத்தான் காத்திருக்கணும், அதனால விண்டோ உறையாது, ஆனா ஸ்க்ரோல் பண்ணினா திக்கித் திக்கி நகரும். அந்தப் பகுதியை மட்டும் பிராசஸ்பூலுக்கு (மல்டிபிராசசிங், தனித்தனி பைத்தான் பிராசஸ்ல ஓட்டறது) மாத்துங்க. அங்க போற வர்ற எல்லாமே பிக்கிள் ஆகி (பைட்டுகளா மாறி) போகும்ங்கறதால படத்தை அனுப்பாதீங்க, ஃபைல் பாத்தை அனுப்பி சின்ன ரிசல்ட்டா வாங்குங்க. ஆனா உங்களுக்கு அதுக்கு முன்னாடியே ஒரு வழி இருக்கு, ஃபைல் சைஸ் ஒண்ணா இருக்கறதை மட்டும் முதல்ல பிரிச்சு எடுத்துட்டு அதுக்கு மட்டும் ஹேஷ் போட்டா பாதி வேலை தானா கழண்டுடும்.

அசிங்க்ஐஓவை நான் குறைச்சுச் சொல்லல, நூத்துக்கணக்கான நெட்வொர்க் கனெக்ஷனை ஒண்ணா பாத்துக்கணும்னா அதை மாதிரி சுகமானது இல்ல. பிரச்சனை என்னன்னா அதுக்கும் சொந்தமா ஒரு லூப் இருக்கு, க்யூடிக்கும் ஒரு லூப் இருக்கு, ரெண்டையும் ஒண்ணாக்க க்யூஅசிங்க் மாதிரி ஒண்ணு வேணும், பைசைட்லயே க்யூடிஅசிங்க்ஐஓன்னு ஒரு மாட்யூல் வந்திருக்கு. சாதாரண ஃபைலைப் படிக்கறதுக்கு அசிங்க்ஐஓ கிட்ட தனியா வழி இல்ல, கடைசில டு-த்ரெட்னு அதுவும் த்ரெட்டுக்குத்தான் அனுப்பும். உங்க வேலை முழுக்க ஃபைல்தானே.

அப்புறம் நடைமுறையில கடிக்கறது எல்லாம் சின்ன விஷயங்கள்தான். ஃப்யூச்சர்ல கேன்சல் கூப்பிட்டா ஓடிக்கிட்டு இருக்கற வேலை நிக்காது, இன்னும் ஆரம்பிக்காததுதான் போகும், அதனால ஸ்டாப் ஈவென்ட்னு ஒரு த்ரெட்டிங் ஈவென்டை (நிறுத்துன்னு காட்டற கொடி மாதிரி, க்யூடி ஈவென்ட் இல்ல) வச்சு ஒவ்வொரு படத்துக்கும் முன்னாடி அதைப் பாத்துட்டு வெளிய வர்ற மாதிரி எழுதுங்க. வொர்க்கருக்குள்ள எக்ஸப்ஷன் வந்தா ரிசல்ட் கேக்கற வரைக்கும் சத்தமே வராது, எரருக்குன்னு தனி சிக்னல் வைங்க. எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கனெக்ஷன் எந்த த்ரெட்ல திறந்தீங்களோ அங்கதான் யூஸ் பண்ணணும், மாத்தினா எரர் அடிக்கும், ரிசல்ட் எல்லாத்தையும் ஒரே த்ரெட் எழுதற மாதிரி வச்சுக்கறது நிம்மதி. ஒவ்வொரு படத்துக்கும் பிராக்ரஸ் சிக்னல் அனுப்பினா மெயின் லூப்பே அதுல மூழ்கிடும், நான் 100 மில்லிசெகண்டுக்கு ஒண்ணுதான் அனுப்பறேன்.

3.13-ல சோதனையா வந்து 3.14-ல அதிகாரபூர்வ சப்போர்ட் கிடைச்ச, ஜில் இல்லாத பைத்தானைப் பத்தியும் கேட்டிருந்தீங்க. அது இன்னும் தனி பில்ட்தான், டிஃபால்ட் இல்ல, நீங்க யூஸ் பண்ற சி லைப்ரரிகளும் அதுக்குத் தயாரா இருக்கணும். இப்ப த்ரெட்பூல்ல எழுதி வச்சா பின்னாடி அதுக்கு மாறறது சுலபம். விட்ஜெட்டை மெயின் த்ரெட்தான் தொடணும்ங்கறது க்யூடியோட விதி, ஜில் போனாலும் அது போகாது.

விண்டோவை மூடும்போது குளோஸ்ஈவென்ட்ல அந்த ஸ்டாப் ஈவென்டை செட் பண்ணிட்டு, எக்ஸிக்யூட்டரை ஷட்டவுன் பண்ணும்போது கேன்சல் ஃப்யூச்சர்ஸையும் ட்ரூன்னு குடுங்க, இது 3.9-ல இருந்து இருக்கு. இல்லன்னா விண்டோ மறைஞ்சாலும் பாக்கி இருக்கற வேலை முடியற வரைக்கும் பிராசஸ் டாஸ்க் மேனேஜர்ல உக்காந்திருக்கும். பிராசஸ்பூல் யூஸ் பண்ணி பைஇன்ஸ்டாலர்ல எக்ஸிஇ ஆக்கப் போறீங்கன்னா மெயின் பகுதியோட முதல் வரியிலயே மல்டிபிராசசிங்கோட ஃப்ரீஸ் சப்போர்ட்டைக் கூப்பிட்டுடுங்க, விண்டோஸ்ல ஒவ்வொரு வொர்க்கரும் எக்ஸிஇயை முதல்ல இருந்து ஓட்டும், இது இல்லைன்னா உங்க ஆப் விண்டோவே திரும்பத் திரும்ப திறந்துக்கிட்டே போகும்.